வினிகரில் பொங்கிய மண்

வீட்டுக்குப் பின்னால் இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் சும்மா கிடந்த மண்ணுக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள். அந்த இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி என்பதுதான் சிக்கல்.

புருஷன் டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. ஊரில் பாதி வீட்டுத் தரை அவன் கைபட்டது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் மிஞ்சுகிற நாலு டைல்ஸை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வந்து, பின்கதவுக்குப் பக்கத்தில் சுவரோரமாக அடுக்குவான். எட்டு வருஷத்தில் அந்த அடுக்கு அவன் கழுத்தளவு வளர்ந்திருந்தது. பச்சை, பழுப்பு, கறுப்பில் வெள்ளை வரி ஓடியது, மீன் போட்டது என்று எல்லாம் இருந்தன. அவற்றைத் துடைத்து வைக்கும்போதெல்லாம், "ஊருக்கெல்லாம் தரை போட்டாச்சு. நம்ம பின்பக்கத்த ஒருநாள் பளபளன்னு போட்டு, மினி லாரிய அதுல நிறுத்தணும்" என்பான்.

பெண்டாட்டி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். மூன்றாம் மாடி ஃபிளாட்டில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கும் மண்ணுக்கும் இருந்த உறவு, செருப்பில் ஒட்டினால் தட்டிவிடுகிற அளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "இது பூரா நம்ம மண்ணாங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு மனசில் விழுந்த ஆசை அது. நாள் முழுக்க யார் யாருடைய ரத்தத்தையோ ஊசியில் உறிஞ்சி எடுக்கிற கை, எதையாவது ஒன்றை ஊன்றி வளர்த்துப் பார்க்கத் துடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பேச்சு முற்றியது.

"காய்கறியா? கடையில கெடைக்குதே, பத்தாதா?" என்றான் மேஸ்திரி.

"தரை கூடத்தான் எல்லா வீட்டுலயும் கெடக்குது. நீங்க ஏன் இன்னொண்ணு போடணும்ங்கிறீங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாருக்குப் புரையேறியது. அவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் விசில் போகவில்லை. இன்னும் சட்டைப்பையில் இருந்தது. வீட்டில் எந்தத் தகராறு என்றாலும் தீர்ப்பு அவருடையதுதான்.

"ரெண்டு பேரும் ஒரே சீட்டுக்கு அடிச்சுக்கிட்டா வண்டி நகராது" என்று தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "மருமகளே, உனக்கு நூறு நாள். நூறாம் நாள் மதியம் நம்ம நாலு பேருக்கும் வயிறாரச் சாப்பாடு. காய் மூணு வேணும். மூணும் இந்த மண்ணுல வெளஞ்சதா இருக்கணும். கடைக்காய் ஒண்ணு கலந்தாலும் டிக்கெட் இல்லாப் பயணந்தான். ஜெயிச்சா எடம் உனக்கு. தோத்தா நூத்தியொண்ணாம் நாள் இவன் டைல்ஸ் போடுவான். சம்மதமா?"

நாலாவது ஆள், ஞாயிறு தவறாமல் சாப்பிட வரும் நாத்தனார். அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருக்கிறவள். அவள் நாக்கும் கத்தரிக்கோலும் ஒரே பட்டறையில் செய்தவை. "அண்ணி, நூறு நாள்ல ஒரு ரோஜாத் தொட்டியக்கூட உங்களால காப்பாத்த முடியல. நெனப்பிருக்கா?" என்றாள்.

"அது போன வருஷத்து அண்ணி" என்றாள் அவள். "சம்மதம் மாமா."

மேஸ்திரியும் கை கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு தினுசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரிய அவளுக்கு முப்பத்தாறு நாள் ஆனது.

மறுநாளே வேலை தொடங்கியது. லேபில் தேதி முடிந்து தூக்கிப் போடவிருந்த புதுக் கண்ணாடிக் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வகை விதை, ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள். வெண்டைக்கு ஊதா மூடி, முள்ளங்கிக்குச் சிவப்பு, பீன்ஸுக்கு நீலம், தக்காளிக்கு மஞ்சள். அன்று மாலையே பாதி விதையை மண்ணில் ஊன்றிவிட்டாள். சுவர் மூலையில் ஒரு பழைய டிரம்மில் ஓட்டை போட்டு, சமையலறைக் கழிவு, காய்ந்த இலை, டீக்கடையில் பிழிந்து போட்ட தேயிலைச் சக்கை என்று அடுக்கடுக்காகப் போட்டாள். ஒரு நாள் குனிந்து கிளறும்போது மேல் பையிலிருந்து ஒரு ஊதா மூடி டிரம்முக்குள் விழுந்து காணாமல் போனது. "போகட்டும், அதுவும் மக்கட்டும்" என்றாள். பிளாஸ்டிக் மக்காது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஆறாம் நாள் காலை அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"என்னங்க! எந்திரிங்க! வந்துருச்சு!"

"யாரு? யாரு வந்தது?" என்று லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தான் மேஸ்திரி.

"முள்ளங்கி!"

மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு இலை நின்றது. நகக்கண் அளவுதான். அவள் தரையோடு தரையாகப் படுத்து அதைப் பார்த்தாள். மேஸ்திரி முள்ளங்கியைப் பார்க்காமல், கன்னத்தில் மண் ஒட்டியிருந்த அவளைப் பார்த்தான். ஏனோ அன்றைக்கு அவனால் கேலி பேச முடியவில்லை.

ஆனால் இருபதாம் நாள் இலைகள் வெளுக்கத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். "அண்ணி, செடிக்கெல்லாம் மஞ்சள் கலர்ல சட்டை தச்சுப் போட்டீங்களா? என்கிட்டக் குடுத்திருந்தா ஒழுங்கா அளவெடுத்திருப்பேனே" என்றாள் நாத்தனார்.

லேப்காரிக்கு வெளுப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான் தோன்றும்: ரத்த சோகை. சோகை என்றால் மருந்து. செடிக்குச் சாம்பல் நல்லது என்று லேபில் யாரோ சொல்லக் கேட்டு, பேக்கரி விறகு அடுப்பிலிருந்து ஒரு மூட்டை சாம்பல் வாங்கி வந்தாள். அதோடு விட்டாளா? செடிக்குச் செடி ஒரு அட்டை எழுதினாள். காலை ஒரு ஸ்பூன், மாலை ஒரு ஸ்பூன். கொடுத்ததும் ஒரு டிக். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும்தான் எழுதவில்லை. பத்து நாளில் மஞ்சள் வெள்ளையானது. தக்காளி நாற்று தலையைத் தொங்கப் போட்டது.

"நோயாளி தேறலையே டாக்டரம்மா" என்றான் மேஸ்திரி. பகடியாகத்தான் சொன்னான். ஆனால் அவள் ஸ்பூனைப் போட்டுவிட்டு உள்ளே போனதும் சிரிப்பு அவன் வாயிலேயே செத்துப் போனது.

முப்பத்தாறாம் நாள். ஞாயிறு. அவன் பின்வாசலில் உட்கார்ந்து, முந்தின நாள் கொண்டு வந்த டைல்ஸ்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ஒன்றின் மேல் சிமெண்ட் கறை. வினிகர் பாட்டிலைச் சாய்த்து நாலு சொட்டு விட்டான். கறை 'சுர்'ரென்று நுரைத்தது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த அவள், கையிலிருந்த சட்டையை அப்படியே விட்டாள்.

"அது ஏன் பொங்குது?"

"சிமெண்ட்ல சுண்ணாம்பு இருக்குல்ல. புளிப்பு பட்டா பொங்கும்" என்று யோசிக்காமல் சொன்னவன், சொல்லி முடித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவள் கண் நுரையைப் பார்த்தது. பிறகு மண்ணைப் பார்த்தது. அடுத்த நொடி பாட்டில் அவள் கையில் இருந்தது. வெளுத்துப்போன வெண்டையின் காலடியில் ஒரு பிடி மண்ணை எடுத்து, தட்டில் போட்டு, வினிகரை ஊற்றினாள்.

மண் பொங்கியது. சோடாவைத் திறந்த மாதிரி பொங்கியது.

"மாமா! ஓடி வாங்க! மண்ணு பொங்குது! என் மண்ணு பொங்குது!" அவள் குதித்தாள். நோய் என்னவென்று தெரியாமல் பதினாறு நாள் தவித்தவளுக்கு ரிப்போர்ட் கையில் கிடைத்துவிட்டது. "சோகை இல்ல மாமா! சுண்ணாம்பு! மண்ணு முழுக்கச் சுண்ணாம்பு! அதான் சத்து இருந்தும் செடியால எடுக்க முடியல. நான் வேற சாம்பலக் கொட்டி இன்னும் கெடுத்திருக்கேன். சாம்பலும் அதே ஜாதிதானே! அய்யோ, முட்டாள் நான்!" திட்டிக்கொண்டதுகூட சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ஆமா, நம்ம மண்ணுல சுண்ணாம்பு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் கண்டக்டர்.

மேஸ்திரி மினி லாரியின் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் புறப்பட்டான்.

அவள் மண்வெட்டியை எடுத்தாள். ஒரு சாண் ஆழத்தில் 'டங்' என்றது. வெளியே வந்தது ஒரு உடைந்த சில்லு. துடைத்தாள். நீலத் தரையில் வெள்ளைப் பூ. அதே பூவைத்தான் தினமும் காலையில் பல் விளக்கும்போது பார்க்கிறாள். அவர்கள் வீட்டுக் குளியலறைச் சுவர்!

"என்னங்க..." என்றாள். அந்த 'என்னங்க' நீண்டுகொண்டே போய் வாசலில் அவனைப் பிடித்து இழுத்து வந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் கதையாகிவிட்டது அவன் கதை. நாலு வருஷத்துக்கு முன் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, மிச்சமான சிமெண்ட் கலவை, உடைந்த டைல்ஸ், சுண்ணாம்புக் காரை எல்லாவற்றையும் வண்டி வைத்து அப்புறப்படுத்தச் சோம்பல்பட்டு, பின்னாலேயே போட்டு, மேலே ஒரு சாணுக்கு மண் போட்டு மூடியிருந்தான்.

"பந்தயம் கட்டும்போது இது தெரியும், இல்ல?"

அவன் தலையைச் சொறிந்தான். "கை குடுக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறம்... நீ ஸ்பூன்ல சாம்பல் போடுறதப் பாத்ததும் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் சிரிப்பு வரல. அப்ப சொல்லப் பயமா இருந்துச்சு."

"என்னை முப்பத்தாறு நாள் பொணத்துக்கு வைத்தியம் பாக்க வச்சிட்டீங்களே!"

"அண்ணா, இது ரொம்ப ஓவர்" என்றாள் நாத்தனார். அண்ணன் பக்கமே பேசி வந்தவள் முதல்முறையாகக் கட்சி மாறினாள்.

கண்டக்டர் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். எல்லோரும் அடங்கினார்கள். "வண்டி கெளம்பிருச்சு. நூறு நாள்னா நூறு நாள்தான், டைம் மாறாது. ஆனா ரோட்டுல குழி வெட்டினவன் எறங்கித் தள்ளணும். டேய், எடு மண்வெட்டிய."

அவன் எடுத்தான். அன்றைக்கும், லீவு போட்டு மறுநாளும் தோண்டினான். மூன்று முறை மினி லாரி இடிபாடு நிரப்பிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தது. நான்காவது முறை பால்காரர் கொட்டிலிலிருந்து மக்கிப் பொடியான பழைய எருவோடு வந்தது. தோண்டிய பள்ளத்தைப் பார்த்தவன், "இதுல அப்படியே மண்ணக் கொட்டினா கீழே மிச்சமிருக்குற காரை மறுபடி வேருக்கு வரும். மேடா கட்டணும். ஓரம் நிக்கணும்னா ஏதாவது அணை வேணும்" என்றான். சொல்லிவிட்டுச் சுவரோரம் இருந்த அடுக்கைப் பார்த்தான். எட்டு வருஷத்து டைல்ஸ்.

அவளும் அதையேதான் பார்த்தாள். கேட்கக்கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள்.

"நாலே நாலு" என்று பழுப்பு டைல்ஸை எடுத்தான். மண்ணில் செங்குத்தாகப் பதித்தான். நாலு பத்தவில்லை, பத்து எடுத்தான். வரிசை கோணினால் அவனுக்குத் தூக்கம் வராது, நூல் பிடித்தான். சாயங்காலத்துக்குள் மூன்று பாத்தி, முழங்கால் உயரத்தில் எழுந்து நின்றன. ஒன்று பச்சைக் கரை, ஒன்று பழுப்பு, ஒன்று மீன்கள் நீந்தும் கரை. உள்ளே எருவும், டிரம்மில் கறுத்து உதிர்ந்திருந்த மக்கும், சலித்த நல்ல மண்ணும் கலந்து நிரப்பினார்கள். அவள் ஒரு பிடி எடுத்து வினிகர் விட்டாள். சத்தமே இல்லை. அந்த அமைதிக்கு அவள் கை தட்டினாள்.

அதற்கப்புறம் நாட்கள் ஓடவில்லை, பறந்தன. விதைகள் மறுபடி மண்ணுக்குள் போயின. இலைகள் இந்தமுறை கரும்பச்சையாக வந்தன. டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால், கைப்பையை வைக்காமலே பின்பக்கம் ஓடுவாள். நாற்பத்தைந்தாம் நாள், எதையோ நடக் கையால் மண்ணைக் கிளறியவள் மறுபடியும் அலறினாள்.

"புழு! மண்புழு! தானா வந்திருக்குங்க! நாம கூப்பிடவே இல்ல, வந்திருக்கு!"

"எத்தனை டிக்கெட்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் மாமனார்.

"மூணு மாமா! இல்ல, நாலு!"

மேஸ்திரி ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். நாலு வருஷமாக எதுவும் வாழாத இடம் அது. அவன் கொன்று வைத்த இடம்.

அடுத்த வாரம் ஒரு மர்மம் தொடங்கியது. டிரம்மில் மக்கு குறைந்தது. இரண்டு பக்கெட் இருக்கும். அவளுக்குக் கணக்கு தப்பாது. "யாரோ என் உரத்தத் திருடுறாங்க மாமா."

"ஓசிப் பயணி யாராவது ஏறியிருப்பான். செக்கிங் போடு."

எல்லோரையும் சந்தேகப்பட்டாள், பக்கத்து வீட்டு நாயைக்கூட விடவில்லை. புருஷனை மட்டும் சந்தேகப்படவில்லை. தோட்டத்துக்கு எதிர்க்கட்சி ஆள் உரத்தை வைத்து என்ன செய்யப்போகிறான்?

தொண்ணூற்றெட்டாம் நாள் நிலவரம் இதுதான். வெண்டை தினமும் பத்து, பன்னிரண்டு. முள்ளங்கி தொடை மாதிரி. கீரை வெட்ட வெட்ட வந்தது. ஆனால், "கீரை கீரைதான். அது காய் கணக்குல ஏறாது" என்று கண்டக்டர் முன்பே கறாராகச் சொல்லிவிட்டார். தக்காளி பூத்திருந்தது, காய்க்கவில்லை. பீன்ஸ்தான் மூன்றாவது காய். அதன்மேல்தான் எல்லா நம்பிக்கையும். நாத்தனார் தன் டேப்பைக் கொண்டு வந்து அளந்தாள்.

"ஒண்ணரை இன்ச், அண்ணி. நூல் மாதிரி இருக்கு. ஊசில கோக்கலாம், சமைக்க முடியாது."

தொண்ணூற்றொன்பதாம் நாள் மாலையும் அது இரண்டு இன்ச்தான். அவள் பாத்தி ஓரம், மீன் டைல்ஸ் மேல் உட்கார்ந்தாள். நாளை மறுநாள் இந்த மீன்கள் தரையில் படுத்துவிடும், மேலே லாரி நிற்கும். "ஒரு வாரம் முன்னாடியே அந்தச் சுண்ணாம்பக் கண்டுபிடிச்சிருந்தா..." என்றாள்.

மேஸ்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "காலைல பாப்போம்" என்று மட்டும் சொன்னான்.

நூறாம் நாள் விடிந்தது. அவள் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. மொட்டைமாடிக்குப் படி கிடையாது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அவன் மட்டும்தான் ஏணி வைத்து ஏறுவான்.

"வா, ஏறு."

"நானா? எனக்கு ஏணின்னா பயம்."

"மூணாவது மாடியில பொறந்தவளுக்கு இது ஒரு மாடி. நான் கீழ புடிச்சிருக்கேன்."

நாலு படி பாக்கி இருக்கும்போது எட்டிப் பார்த்தாள். அப்புறம் மீதிப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு விரிசல் விட்ட வெள்ளைக் குளியல் தொட்டி. எந்தப் பணக்காரர் வீட்டிலோ கழற்றிப் போட்டது. அது நிறைய கறுப்பு மண். மண்ணிலிருந்து கயிற்றில் தொற்றிக்கொண்டு கொடி. கொடி முழுக்க இலை. இலைக்குக் கீழே, ஒன்று, இரண்டு, ஆறு, பதினொன்று... வெள்ளரிக்காய்! முழங்கை நீளத்துக்கு, பனி ஈரத்தோடு தொங்கின.

"ஓசிப் பயணி!" என்றாள் அவள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"புழு வந்துச்சுல்ல, அன்னைக்கு ஆசை வந்துருச்சு. நானும் ஒண்ண வளத்துப் பாப்போம்னு. உன்கிட்டச் சொன்னா ஓட்டுவ. டைல்ஸ் ஏத்துற கயித்துலதான் தொட்டிய ஏத்தினேன். மண்ணு பாத்திக்குச் சலிச்சதுல மிஞ்சினது, மக்கு உன் டிரம்முது. நேத்தே சொல்லியிருப்பேன். பந்தயம்... இது உன் காயா என் காயான்னு எனக்கே தெரியல."

கீழே அதுதான் வழக்கானது. "அண்ணன் போட்டது எப்படி அண்ணி கணக்குல வரும்?" என்று நாத்தனார் மறுபடி கட்சி மாறினாள். ஒரு வழக்கு என்றால் எதிர்த் தரப்பு வேண்டும் என்பது அவள் கொள்கை.

"யாரு போட்டதுன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார் கண்டக்டர் நிதானமாக. "இந்த மண்ணுல வெளஞ்சதான்னுதான் கேட்டேன். அது இந்த மண்ணுதான்னு என்ன அத்தாட்சி?"

அவள் யோசிக்கவே இல்லை. மறுபடியும் ஏணி ஏறினாள். இந்தமுறை பயம் கீழேயே நின்றுவிட்டது. முழங்கை வரை கையை விட்டுத் தொட்டி மண்ணைக் கிளறினாள். தேயிலைச் சக்கை வந்தது. அது ஊரெல்லாம் இருக்கும். இன்னும் கிளறினாள். விரலில் ஏதோ கெட்டியாக இடறியது. எடுத்து, மேலாடையில் துடைத்து, மொட்டைமாடி விளிம்பில் நின்று உயர்த்திக் காட்டினாள்.

ஊதா மூடி.

"லேப் ரிப்போர்ட் வந்துருச்சு மாமா! சாம்பிள் நம்மளது!"

விசில் தெருமுனை வரை கேட்டது. "ரைட்! போலாம்!"

அன்று மதியம் வெண்டை, முள்ளங்கி, வெள்ளரி மூன்றும் லட்சணமாக மேசைக்கு வந்தன. கீரை இலவச இணைப்பு. நாத்தனார் மூன்று முறை பரிமாறிக்கொண்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று தன் கடமையையும் முடித்தாள். வெள்ளரித் துண்டைக் கடித்த மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டான். தோற்றவன் முகம் அப்படி இருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

நூற்றியொன்றாம் நாள் காலை 'டொக் டொக்' என்ற சத்தத்தில் விழித்தாள். மேஸ்திரியின் ரப்பர் சுத்தியல் சத்தம். ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

பாத்திகளுக்கு நடுவில், ஒரு அடி அகலத்தில், அவன் முட்டி போட்டு உட்கார்ந்து டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான். எட்டு வருஷத்து மிச்சமெல்லாம் ஒரு ஒற்றையடிப் பாதையாகப் போய்க்கொண்டிருந்தது.

"மழையில நீ சேத்துல வழுக்கி விழக்கூடாதுல்ல" என்றான் நிமிராமல். "சிமெண்ட் ஒரு பொட்டு கெடையாது. வெறும் மணல்ல பதிக்கிறேன்."

அவள் சமையலறைக்குப் போய் வினிகர் பாட்டிலோடு திரும்பினாள். பாதை ஓரத்தில் நாலு இடத்தில் சொட்டு விட்டு, காதைத் தரையோடு வைத்துக் கேட்டாள்.

"என்ன சொல்லுது டாக்டரம்மா?"

"இப்போதைக்குப் பொய் சொல்லல" என்றாள். பிறகு அவன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, அடுத்த டைல்ஸை எடுத்துக் கொடுத்தாள்.